அரிசி எங்கே விளைகிறது? ஏழு வயது மகளுக்கு எதைக் காட்டுவது?

மழலைக்கேள்வி – மே 11

வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். போன வாரம் என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, அரிசி மரத்துக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிக்க எனக்கே தகுதியில்லை. நெல் செடி என்பது தெரியும். நட்டு எத்தனை நாளில் அறுப்பார்கள், நெல் எப்படி அரிசியாகிறது என்று அவள் அடுத்துக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். என் தாத்தா காலத்திலேயே நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் "ஒரு நாள் உழவர்" என்று ஒரு சுற்றுலா நடத்துகிறார்கள். மாட்டுவண்டிச் சவாரி, சேற்றில் விளையாட்டு, வாழையிலைச் சாப்பாடு. போகலாமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா?

---

நகரவாசி – மே 11

எதற்கு இந்தச் செலவு? பத்து நிமிடக் காணொளி போட்டுக் காட்டினால் போதும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டக் குழந்தையை நெய்வேலிக்கா அழைத்துப் போகிறோம்?

---

மாடித்தோட்டம்67 – மே 11

நான் போயிருக்கிறேன், வேறொரு இடத்துக்கு. பெயர் வேண்டாம். தலைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். ஒரு பாத்தி அளவு சேறு. அதில் காலையில் வந்த குழு நட்டதைப் பிடுங்கி, மதியம் வந்த எங்களிடம் கொடுத்து மறுபடி நடச் சொன்னார்கள். நாற்றின் நுனி மஞ்சளாகிவிட்டிருந்தது. என் பேரன் "இது நேற்றும் நட்டதா தாத்தா?" என்று கேட்டான். குழந்தைகளை ஏமாற்ற முடியாது. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

---

கோரையாற்றங்கரை – மே 12

சகோதரி, திருவாரூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். நேரடியாகவே சொல்கிறேன், இப்போது வந்தால் பார்க்க ஒன்றுமில்லை. மே மாதம் எங்கள் பக்கம் வயல் வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். கோடையுழவு ஓட்டுவோம், அவ்வளவுதான். சுற்றுலாக்காரர்கள் எந்த மாதத்திலும் நடவு காட்டுகிறார்கள் என்றால் அது நடவு அல்ல.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அன்று திறந்தால் அன்றே எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடாது. கல்லணை வந்து, பிரிந்து, கடைமடைக்கு எட்டப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். அதை வைத்துக் குறுவை என்ற முதல் போகம். ஜூன், ஜூலையில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. குறுவை போடாதவர்கள் ஆகஸ்டில் நாற்றுவிட்டுச் சம்பா. அது பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வரும். நான் போடுவது சிஆர் 1009 என்ற நெல் ரகம், 155 நாளுக்கு மேல் நிற்கும் பயிர். ஆகஸ்ட் 20 வாக்கில் விதைத்தால் செப்டம்பர் கடைசியில் நடவு, ஜனவரி கடைசியில் அறுப்பு.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு முறை வாருங்கள். குடியரசு தின விடுமுறையில் மறுமுறை வாருங்கள். ஒரே முறைதான் முடியும் என்றால் ஜனவரியில் வாருங்கள். நடவைப் பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். அறுவடைக்குப் பின் நடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பணம் எதுவும் வேண்டாம். மதியம் சாப்பிட வீடு இருக்கிறது.

---

ஏரிப்பாசனம் – மே 12

வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல் என்றால் தஞ்சாவூர்தான் என்று எல்லாரும் ஏன் முடிவு கட்டிவிடுகிறீர்கள்? சென்னையைத் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போனாலே வயல்தான். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரியையும் கிணற்றையும் நம்பி சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம், அதாவது சாகுபடிப் பருவம், உண்டு. இந்த மே மாதத்தில் அங்கே சொர்ணவாரி பச்சையாக நிற்கிறது, தம்பி கோரையாற்றங்கரை கவனிக்க!

மகளிடம் ஒரு விளையாட்டு சொல்லுங்கள், அம்மா. நெல் ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். ஏடிடி என்றால் ஆடுதுறை. ஏஎஸ்டி அம்பாசமுத்திரம். சிஓ கோயம்புத்தூர். டிகேஎம் என்பது திரூர்க்குப்பம், உங்கள் ஊருக்கு மிக அருகில், திருவள்ளூர்ப் பக்கம். டிபிஎஸ் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருப்பதிசாரம். வீட்டு அரிசி மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பயணத்தை அடுக்களையிலிருந்து தொடங்குங்கள்.

---

மழலைக்கேள்வி – மே 12

ஐயா, உடனே போய்ப் பார்த்தோம். "பிபிடி பொன்னி" என்று இருக்கிறது. பிபிடி எந்த ஊர்?

---

ஏரிப்பாசனம் – மே 12

பாபட்லா, ஆந்திரம். 1986-இல் வெளியான பிபிடி 5204. அங்கே சம்பா மசூரி என்பார்கள், இங்கே ஆந்திரா பொன்னி. உண்மையான வெள்ளைப் பொன்னி வேறு, கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதே 1986-இல் வெளியிட்டது. அந்தப் பொன்னிக்கும் பூர்விகம் இங்கே இல்லை, மலேசியாவின் மசூரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. காவிரியின் பெயரை வைத்துக்கொண்டிருப்பதால் நாம் யாரும் அதன் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை.

ஆக, உங்கள் வீட்டுச் சோறு தஞ்சைச் சோறாக இருக்க வாய்ப்புக் குறைவு. டெல்டா நெல்லில் பெரும்பகுதி அரசுக் கொள்முதலுக்குப் போய் ரேஷன் அரிசியாக வருகிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் யாராவது ரேஷன் அரிசி வாங்கினால், அவர் வீட்டில் வேகுவதுதான் கோரையாற்றங்கரை விளைவித்தது.

---

கோரையாற்றங்கரை – மே 12

ஐயா சொல்வது சரி. சொர்ணவாரியையும் ஒப்புக்கொள்கிறேன். ஏரி தூர்ந்துபோகாமல் இருந்தால்.

---

செங்குன்றத்தான் – மே 13

வயலையே எல்லாரும் பேசுகிறீர்கள். நெல்லை அப்படியே தின்ன முடியுமா? செங்குன்றத்தில் அரிசி ஆலையில் இருபது வருடம் இருந்தேன். வயலுக்கும் தட்டுக்கும் நடுவில் எங்கள் ஆட்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

புழுங்கல் என்பது தனி ரகம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, உலர்த்தி, பிறகு அரைத்தால் புழுங்கல். அவிக்காமல் அரைத்தால் பச்சரிசி. அவ்வளவுதான் வித்தியாசம். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும், அரைக்கும்போது நொறுங்குவதும் குறையும். நான் சேர்ந்த காலத்தில் களத்தில் வெயிலில் கொட்டி, பெண்கள் காலாலேயே கோடு கோடாகத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தச் சிமெண்ட் களத்தில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். மழை இருட்டினால் விசில் ஊதுவோம், சோறு தின்றுகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து குவிப்பார்கள். இப்போது உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது.

கணக்கு: நூறு கிலோ நெல் போட்டால் அரிசி 67, 68 கிலோ. மீதியில் உமி சுமார் இருபது கிலோ, மற்றது தவிடு. உமி வீணாகாது. அதை எரித்துத்தான் அடுத்த நெல்லை அவிக்கிறோம்.

---

நடவுக்காரி_மகள் – மே 14

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் அம்மா முப்பது வருடம் நடவு நட்டவர். நான் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. "விவசாயி" என்று இங்கே எல்லாரும் எழுதும்போது நிலம் வைத்திருப்பவரைத்தான் சொல்கிறீர்கள். நாற்றுப் பறித்து, முடிச்சுக் கட்டி, சுமந்து, குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்து நட்டவர்களுக்கு அந்தப் பெயர் வருவதில்லை. அவர்கள் "ஆள்". "இன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பார்கள் பாருங்கள், அந்த ஆள்.

அம்மாவின் கால்விரல் இடுக்குகளில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சேற்றுப்புண். இரவில் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவார். நடவுப் பாட்டு அழகு என்று எழுதுகிறார்கள். இடுப்பு வலி மறக்கத்தான் பாட்டு. இந்தச் சுற்றுலாவில் குழந்தைகள் பத்து நாற்று ஊன்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

மழலைக்கேள்வி, உங்கள் மீது கோபமில்லை. மகளை அழைத்துப் போங்கள். போனால் நடுகிற பெண்களிடம் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். அது போதும்.

---

நகரவாசி – மே 14

நியாயமான கோபம். ஆனால் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டதே? அந்தத் துன்பமும் குறையும், ஆள் பற்றாக்குறையும் தீரும்.

---

நடவுக்காரி_மகள் – மே 14

துன்பம் குறைந்தது உண்மை. கூலியும் குறைந்தது. என் ஊரில் இயந்திரம் வந்த பிறகு நடவு வேலை அம்மாவின் வயதொத்தவர்களுக்குச் சில நாள்தான். மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நட்டுப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் காசு எங்கே போனது என்று மட்டும் கேட்பேன்.

---

கோரையாற்றங்கரை – மே 15

தங்கை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுதவில்லை. நானும் "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்கிறவன்தான்.

காசு எங்கே போகிறது என்று கேட்டதால் என் கணக்கைத் திறந்து வைக்கிறேன். போன சம்பாவில் ஏக்கருக்கு 50 சிப்பம் கண்டேன். ஒரு சிப்பம் 40 கிலோ, ஆக 2,000 கிலோ. 2024-25 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய். ஏக்கருக்கு 48,100 வந்தது. உழவு, விதை, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை, மூட்டை ஏற்றுக்கூலி எல்லாம் போக எனக்கு நின்றது பதினைந்தாயிரத்துக்குச் சற்று மேல். ஐந்து மாதத்துக்கு. என் உழைப்பையும் என் மனைவி உழைப்பையும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிற்காது.

இதே கணக்கை உங்கள் மகளுக்கு வேறு மாதிரி சொல்லலாம், சகோதரி. 2,000 கிலோ நெல்லில் அரிசி சுமார் 1,340 கிலோ. உங்கள் வீட்டுக்கு மாதம் 30 கிலோ என்றால் வருடத்துக்கு 360. ஆக ஒரு போகத்தில் ஏறக்குறைய 27 சென்ட் நிலம் உங்கள் ஒரு குடும்பத்துக்காகவே விளைய வேண்டும்.

---

மாடித்தோட்டம்67 – மே 15

27 சென்ட் என்றால் சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து கிரவுண்ட். என் மொட்டைமாடி முக்கால் கிரவுண்ட் கூட இல்லை. கத்தரிக்காயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

நகரவாசி – மே 15

சரி, இன்னொரு கேள்வி. இவ்வளவு பேசுகிறீர்களே, பாரம்பரிய நெல்லுக்கு ஏன் மாறவில்லை? மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் கடையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறதே.

---

கோரையாற்றங்கரை – மே 16

எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் அந்த வேலையைச் செய்தவர், 174 ரகங்களை மீட்டார். 2018-இல் இறந்துவிட்டார். ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் நானும் இரண்டு கிலோ விதை வாங்கியிருக்கிறேன். வாங்கிய இரண்டு கிலோவுக்கு அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

மாப்பிள்ளைச் சம்பா அரை ஏக்கரில் போட்டேன். ஆள் உயரம் வளர்ந்தது, வைக்கோல் மாட்டுக்கு அமிர்தம். தை மாதக் காற்றில் பாதி சாய்ந்துவிட்டது. விளைச்சல் பாதிக்கும் கொஞ்சம் மேல். அதை நீங்கள் சொல்லும் விலைக்கு யாரிடம் விற்பது? கடையில் இருக்கும் விலை கடைக்காரருக்கு. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் போடுகிறேன். கஞ்சிக்கு அதற்கு ஈடில்லை.

---

மழலைக்கேள்வி – அக்டோபர் 5

இழையைத் தூசி தட்டி எழுப்புகிறேன். போய் வந்தோம்!

கோரையாற்றங்கரை அண்ணனின் மனைவி ஒரு நாளுக்கு மூன்று முறை சோறு போட்டார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவுக்கு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து எட்டுப் பேர் பெயரையும் எழுதினாள். ஒரு பாட்டி, "எதுக்குப் பாப்பா எழுதுற? கடன் குடுக்கப் போறியா?" என்று கேட்டார். வயலே சிரித்தது.

அவளும் இறங்கி இரண்டு வரிசை நட்டாள். பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கிறது என்று ஏறிவிட்டாள். நாங்கள் திரும்பி நடக்கும்போது தற்செயலாகப் பார்த்தேன். அந்தப் பாட்டி அவள் நட்ட இரண்டு வரிசையையும் சத்தமில்லாமல் பிடுங்கிச் சரியாக நட்டுக்கொண்டிருந்தார். மகளிடம் சொல்லவில்லை.

---

நடவுக்காரி_மகள் – அக்டோபர் 5

நட்டது மிதந்தால் மறுநாள் திட்டு வாங்குவது அவர்கள்தான், அதனால். படித்துவிட்டு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "என்ன ஊர், எந்தக் கட்டு ஆட்கள்?" என்று விசாரித்தார்.

---

மழலைக்கேள்வி – ஜனவரி 28

இரண்டாம் பயணம். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் அறுவடை. டயருக்குப் பதில் பெல்ட் மாட்டிய இயந்திரம், ஈரவயல் என்பதால். மகள் பொங்கல் படத்தில் இருப்பதுபோல் அரிவாளோடு ஆட்களை எதிர்பார்த்தாள். ஒரு மணி நேரச் சொச்சத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிட்டது. "அவ்ளோதானா?" என்றாள். ஐந்து மாதம் நின்ற பயிர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் பதினான்கு குவியல்கள், எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியவை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். தை மாதம், காலை எட்டு வரை பனி. அண்ணனின் நெல் 20 காட்டியது. பகலில் தார்ப்பாயை விரித்துக் காயப்போட வேண்டும், மாலையில் குவித்து மூட வேண்டும், மறுநாள் மறுபடி. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் மழை கொட்டியபோது 20 சதவீதம் வரை மத்திய அரசு தளர்வு கொடுத்ததாகப் பக்கத்துக் குவியல்காரர் சொன்னார். "மழை பேஞ்சாத்தான் தளர்வு, பனிக்குக் கெடையாது" என்றார்.

இரவில் அண்ணனின் அப்பா போர்வையோடு அங்கேயே படுத்துக்கொண்டார். 74 வயது. மகள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "தாத்தா ஏன் நெல்லோட தூங்குறார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நெல் காணாமல் போய்விடும், மாடு மேய்ந்துவிடும், மழை வந்தால் மூட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "தாத்தா காணாமப் போயிட்டா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் கிளம்பும்வரை எடை போடவில்லை. அண்ணா, இப்போது போட்டுவிட்டார்களா?

---

கோரையாற்றங்கரை – ஜனவரி 29

நேற்று மாலை போட்டார்கள். 47 சிப்பம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், லேசாகச் சளி. பாப்பாவின் நீலச் செருப்பு ஒன்று டிராக்டரில் கிடக்கிறது.

---

நகரவாசி – ஜனவரி 29

காணொளி போதும் என்று மே மாதம் எழுதியவன் நான்தான். என் மகனுக்கு ஒன்பது வயது. கோரையாற்றங்கரை, அடுத்த நடவு எப்போது?

---

கோரையாற்றங்கரை – ஜனவரி 29

மேட்டூரைக் கேட்டுச் சொல்கிறேன்.

---

மழலைக்கேள்வி – பிப்ரவரி 3

இன்னொரு சிறு கேள்வி. மகள் சட்டைப் பையில் ஒரு பிடி நெல்லைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், துவைக்கும்போதுதான் பார்த்தேன். பால்கனியில் பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டு விதைக்க வேண்டும் என்று பிடிவாதம். முளைக்குமா?

---

ஏரிப்பாசனம் – பிப்ரவரி 3

அறுத்த சூட்டோடு போட்டால் சில ரகங்கள் முளைக்கத் தயங்கும். ஒரு மாதம் உலர்ந்த டப்பாவில் வைத்திருங்கள். பிறகு ஒரு நாள் ஊறவைத்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி மூடி வையுங்கள், முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதையுங்கள். வாளிக்கு ஒரு நாற்று போதும், மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் இரண்டு விரற்கடை நிற்கட்டும். நல்ல வெயில் வேண்டும். ஒரு விதை இருபது தூர் (பக்கத் தண்டு) கட்டினால், கதிருக்கு நூறு மணி என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று, சிஆர் 1009 சம்பாவுக்கான ரகம், கோடைக்கு ஏற்றதல்ல. ஆகஸ்ட் வரை டப்பாவிலேயே இருக்கட்டும். அவளிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது.

---

மழலைக்கேள்வி – பிப்ரவரி 4

சொல்லிவிட்டேன். டப்பாவின் மேல் "ஆகஸ்ட்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். காலையிலிருந்து இரண்டு முறை திறந்து பார்த்தாயிற்று.